வெலோட்ரோமில் முதல் நாள்: எந்த ஹெல்மெட் போடுவது?

வெலோட்ரோமில், அதாவது வளைவுகள் சரிவாக எழும்பி நிற்கும் சைக்கிள் பந்தய ட்ராக்கில், ஒரு மணி நேர அறிமுகப் பயிற்சிக்குப் பணம் கட்டிவிட்டு, அன்று இரவே ஹெல்மெட் தேட உட்கார்ந்துவிடுகிறவர்கள் நிறைய. ஒலிம்பிக் ட்ராக் சைக்கிள் போட்டியை டிவியில் பார்த்தவர்கள் கண்ணில் நிற்பது அந்த வழவழப்பான, துளையே இல்லாத, முகத்தைக் கண்ணாடி மூடிய ஹெல்மெட்தான். அதன் விலையைப் பார்த்ததும் 'இது நமக்குச் சரிப்படாது' என்று பின்வாங்கியவர்களையும் எனக்குத் தெரியும். முதல் நாளுக்கு அது வேண்டவே வேண்டாம். ரோட்டில் ஓட்டுகிறவர்கள் போடும் சாதாரண சைக்கிள் ஹெல்மெட் போதும். அது உங்கள் தலைக்குச் சரியான அளவாக இருக்க வேண்டும். நீங்கள் குனிந்து, கழுத்தை நிமிர்த்திப் பார்க்கும்போது இடம் மாறக் கூடாது. கடையில் கண்ணாடி முன் நேராக நின்று போட்டுப் பார்த்துவிட்டு வாங்குகிறவர்கள் கோட்டை விடுவது அங்கேதான்.

ட்ராக்கில் என்ன வித்தியாசம்

லண்டனில் 2012 ஒலிம்பிக்குக்காகக் கட்டிய லீ வேலி வெலோட்ரோமை எடுத்துக்கொள்வோம். ஒரு சுற்று 250 மீட்டர். தரை முழுக்க சைபீரியப் பைன் மரப்பலகை. வளைவுகளில் சரிவு 42 டிகிரி வரை போகும். முதல்முறை கீழே நின்று அண்ணாந்து பார்க்கும்போது சுவர் மாதிரித்தான் தெரியும். சைக்கிளுக்கு பிரேக் கிடையாது. பெடலும் பின்சக்கரமும் பூட்டியவை போலச் சேர்ந்தே சுற்றும். சக்கரம் ஓடும்வரை காலும் ஓடியாக வேண்டும்.

இதற்கும் ஹெல்மெட்டுக்கும் என்ன சம்பந்தம்? ரோட்டில் ஹெல்மெட் நெற்றியில் இறங்கினால் ஓரமாக நிறுத்திச் சரிசெய்துகொள்ளலாம். இங்கே அது முடியாது. சரிவில் சறுக்காமல் இருக்க ஏறத்தாழ மணிக்கு 25, 30 கிலோமீட்டர் வேகம் வேண்டும். புதிதாக ஓட்டுகிறவர் அந்த வேகத்தில் ஒரு கையை எடுத்தால் சைக்கிள் ஆட்டம் காணும். நிற்க வேண்டுமானால் கால் வேகத்தை மெல்லக் குறைத்து, ஒன்றிரண்டு சுற்று போய், ட்ராக்கின் அடியில் உள்ள வெளிர்நீலப் பட்டைக்கு இறங்கி, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துத்தான் நிற்க வேண்டும். அதுவரை கண்ணை மறைக்கும் ஹெல்மெட்டோடு பத்துப் பேர் நடுவில் ஓட்டியாக வேண்டும்.

இன்னொன்று உடம்பின் நிலை. ட்ராக் சைக்கிளின் ஹேண்டில்பார் தாழ்வாக, கீழ்நோக்கி வளைந்திருக்கும். அதன் அடிப்பகுதியைப் பிடித்தால் முதுகு மடங்கி, கழுத்து பின்னால் வளைந்து, பார்வை புருவத்துக்கு அடியிலிருந்து மேல்நோக்கிப் போகும். வளைவில் முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஆகாது. வளைவு முடியும் இடத்தை, மேலே எழும்பி நிற்கும் பலகையைப் பார்க்க வேண்டும்.

நான் முதல் தடவை போனபோது, மலைப்பாதையில் ஓட்டுவதற்கு வைத்திருந்த ஹெல்மெட்டோடு போனேன். முன்பக்கம் சின்னத் தாழ்வாரம் மாதிரி ஒரு மறைப்பு நீட்டிக்கொண்டிருக்கும். வெயிலுக்கு அருமையான சமாச்சாரம். ட்ராக்கில் ஹேண்டில்பாரின் அடியைப் பிடித்துக் குனிந்ததும் பார்வையின் மேல்பாதி போய்விட்டது. முன்னால் போகிறவரின் பின்சக்கரம் தெரிந்தது, அவருக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. தலையை இன்னும் தூக்கினால் ஹெல்மெட்டின் பின்விளிம்பு பிடரியில் இடித்து, முன்பக்கம் மேலும் இறங்கியது. மூன்றாவது சுற்றில் பயம் வந்து கீழே இறங்கிவிட்டேன். பயிற்சியாளர் வந்து ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் கட்டைவிரலால் நெம்பி அந்த மறைப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தார், ஹெல்மெட்டின் பின்னால் பிடிப்பை இறுக்குவதற்கு இருந்த திருகியை இரண்டு சொடுக்கு இறுக்கினார், தட்டிக்கொடுத்து அனுப்பினார். அடுத்த சுற்றில் ட்ராக் முழுவதும் கண்ணுக்குத் தெரிந்தது.

வாங்குவதற்கு முன் கேட்டுவிடுங்கள்

பல வெலோட்ரோம்களில் அறிமுகப் பயிற்சிக்கு சைக்கிள், ஷூவோடு ஹெல்மெட்டும் கொடுப்பார்கள், அல்லது வாடகைக்கு இருக்கும். பதிவு செய்யும்போதே கேளுங்கள்: ஹெல்மெட் தருவீர்களா, என்னென்ன அளவுகள் இருக்கின்றன, சொந்த ஹெல்மெட் கொண்டுவரலாமா? டெல்லியில் இந்திரா காந்தி விளையாட்டு வளாகத்தில் 2010 காமன்வெல்த் போட்டிக்காக அமைத்த உள்ளரங்க ட்ராக் இருக்கிறது. சென்னைக்கு அருகே மேலக்கோட்டையூரில், உடற்கல்வி மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழக வளாகத்தில் ஒன்று இருக்கிறது. மலேசியாவில் நீலாயில் தேசிய வெலோட்ரோம். புதியவர்களை எப்போது விடுகிறார்கள், என்ன தருகிறார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும். ஒரு போன் போட்டுக் கேட்பதுதான் வழி.

ஹெல்மெட் தருகிறார்கள் என்றால் முதல் நாள் அதைப் போட்டே ஓட்டுங்கள். பிடித்துப்போய் இரண்டாவது தடவை பதிவு செய்யும்போது சொந்தமாக ஒன்று வாங்கினால் போதும். அதற்குள் உங்கள் தலையின் அளவும், குனிந்தால் எங்கே இடிக்கிறது என்பதும் தெரிந்திருக்கும். வாடகை ஹெல்மெட்டுக்குள் போட ஒரு மெல்லிய துணித் தொப்பி கொண்டுபோவது நல்லது. வியர்வை கண்ணில் இறங்காமல் அது தடுக்கும், பலர் போட்ட ஹெல்மெட் என்ற சங்கடமும் இருக்காது. தடித்த குல்லா வேண்டாம். அது ஹெல்மெட்டைத் தலையிலிருந்து மேலே தூக்கிவிடும்.

எவையெல்லாம் வேண்டாம்

நம் ஊரில் ஹெல்மெட் என்றாலே மோட்டார் பைக் ஹெல்மெட்தான் நினைவுக்கு வரும். வீட்டில் ஒன்று சும்மாதானே கிடக்கிறது, அதையே எடுத்துப் போகலாம் என்று தோன்றலாம். கூடாது. அது ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும். சைக்கிள் ஹெல்மெட் 250, 300 கிராம்தான். குனிந்து கழுத்தைத் தூக்கிய நிலையில் அந்தக் கனத்தை ஒரு மணி நேரம் தாங்கவும் முடியாது, கழுத்தைத் திருப்பவும் முடியாது.

முன்மறைப்பு உள்ளது என்றால், அது கழற்றக்கூடியதா என்று பாருங்கள். கழற்றலாம் என்றால் கழற்றிவிட்டு ஓட்டலாம். ஓட்டோடு ஒட்டிப் பிறந்ததாக இருந்தால் அது ட்ராக்குக்கு ஆகாது.

காதை மூடும் ஹெல்மெட்டும் இப்போது வேண்டாம். ட்ராக்கில் காது முக்கியம். பிரிட்டனில் உங்களை முந்துகிறவர் பின்னாலிருந்து 'ஸ்டே!' என்று கத்துவார். 'உன் கோட்டிலேயே இரு, மேலே ஏறாதே, கீழேயும் இறங்காதே' என்று அர்த்தம். உள்ளரங்கில் சக்கரச் சத்தம் பலகையில் எதிரொலிக்கும்போது அந்த ஒரு சொல் தெளிவாகக் கேட்க வேண்டும். பயிற்சியாளரும் நடுவே நின்று கத்தித்தான் சொல்லிக்கொடுப்பார். பின்னால் நீளமாக வால் வைத்த ஹெல்மெட், தனியாக நேரத்தோடு போட்டி போட்டு ஓட்டுகிறவர்களுக்கானது. ட்ராக்கில் எல்லோரும் எதிர்க்கடிகாரத் திசையில் சுற்றுவதால், மேலே ஏறுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் வலது தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்க வேண்டும். வால் அந்தத் திருப்பத்துக்கு இடைஞ்சல்.

ஹெல்மெட்டில் மாட்டிய கேமரா, பின்விளக்கு, பின்னால் பார்க்கும் கண்ணாடி எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். பிரேக் இல்லாத சைக்கிள்கள் ஓடும் பலகையில் ஒரு சின்னக் கிளிப் விழுந்தாலும் பின்னால் வருகிறவர் அதன் மேல் ஏறுவார்.

உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டு

ஹெல்மெட்டைத் திருப்பி உட்பக்கம் பாருங்கள். சைக்கிள் ஹெல்மெட்டுக்கான பாதுகாப்புத் தரத்தின் பெயர் நாட்டுக்கு நாடு வேறு. ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் ஈஎன் 1078, அமெரிக்காவில் சிபிஎஸ்சி, ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் ஏஎஸ்/என்இசட்எஸ் 2063. இவற்றில் ஒன்று அச்சிட்டிருக்க வேண்டும். இந்தியாவில் விற்கும் நல்ல சைக்கிள் ஹெல்மெட்டுகளிலும் ஈஎன் 1078 சீட்டு இருக்கும். ஐரோப்பிய விதிகளுக்கு உட்பட்டது என்று காட்டும் சிஇ குறியை மட்டும் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். பனிச்சறுக்கு ஹெல்மெட்டிலும் சிஇ இருக்கும், ஆனால் அதன் எண் 1077. சின்னக் குழந்தைகளுக்கான 1080 என்ற தரத்தில் பக்கிள் இழுத்தால் தானே கழன்றுகொள்ளும். விளையாடும்போது எதிலாவது சிக்கிக் கழுத்து இறுகாமல் இருப்பதற்காக. ட்ராக்குக்கு அது உதவாது.

ஈஎன் 1078 சோதனையில், தலை மாதிரிக்கு ஹெல்மெட்டை மாட்டி ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தட்டையான இரும்பின் மேல் போடுவார்கள். தரையைத் தொடும்போது வேகம் நொடிக்கு 5.42 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 19.5 கிலோமீட்டர். "நான் 40-ல் போவேனே, இது எப்படிப் போதும்?" என்று கேட்பார்கள். சோதனை அளப்பது தலை மேலிருந்து கீழே விழும் வேகத்தை. நீங்கள் முன்னோக்கிப் போகும் வேகத்தை அல்ல. முன்னோக்கிய வேகத்தில் பெரும்பகுதி சறுக்குவதிலும் உரசுவதிலும் போகும்.

அந்த உரசலில்தான் தலை சுழற்றப்படுகிறது. நேராக அடிபடுவதைவிடச் சாய்வாக அடிபட்டுத் தலை திருகப்படுவது மூளைக்கு ஆகாது. மிப்ஸ் என்று மஞ்சள் வட்டம் ஒட்டிய ஹெல்மெட்டுகள் இதற்காகத்தான். ஸ்வீடனில் ஒரு மூளை அறுவை மருத்துவரும் ஸ்டாக்ஹோம் கேடிஎச் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளரும் சேர்ந்து உருவாக்கிய ஏற்பாடு அது. உள்ளே ஒரு மெல்லிய தகடு, அடிபடும்போது 10 முதல் 15 மில்லிமீட்டர் நழுவிக்கொடுக்கும். ட்ராக்கில் விழுகிறவர்கள் சரிவில் சாய்வாக விழுந்து சறுக்கிக்கொண்டே இறங்குவதால், கொஞ்சம் கூடக் கொடுத்தாவது அந்த வசதி உள்ளதை வாங்குவது எனக்கு நியாயமாகப் படுகிறது. ஆனால் தளர்வான மிப்ஸ் ஹெல்மெட்டா, கச்சிதமான சாதாரண ஹெல்மெட்டா என்று கேட்டால், யோசிக்காமல் கச்சிதமானதைத்தான் எடுப்பேன்.

விலை பாதுகாப்புக்கு அளவுகோல் இல்லை. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் சைக்கிள் ஹெல்மெட்டுகளைச் சோதித்து நட்சத்திரம் கொடுக்கிறது. விலை குறைந்த சிலவும் அங்கே ஐந்து நட்சத்திரம் வாங்கியிருக்கின்றன. விலை ஏற ஏறக் கிடைப்பது பெரும்பாலும் குறைந்த எடை, நல்ல காற்றோட்டம், காற்றைக் கிழிக்கும் வடிவம்.

அளவு எடுப்பது

தையல்காரர் டேப்பை எடுத்து, புருவத்துக்கு இரண்டு விரல் மேலே, காதுக்கு மேலாக, பின்மண்டை துருத்தும் இடத்தைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். டேப் இல்லையென்றால் ஒரு நூலைச் சுற்றி ஸ்கேலில் வைத்து அளக்கலாம். பெரும்பாலான கம்பெனிகளில் நடுத்தர அளவு 55 முதல் 59 சென்டிமீட்டர் வரை. ஆனால் ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொன்றின் மீடியமாக இருக்காது. பெட்டியில் போட்டிருக்கும் சென்டிமீட்டரைத்தான் நம்ப வேண்டும்.

சுற்றளவு சரியாக இருந்தும் சிலருக்குப் பொட்டுப் பக்கம் இரண்டும் அழுத்தும், நெற்றியில் இடைவெளி விழும். தலையின் வடிவம்தான் காரணம். ஐரோப்பியக் கம்பெனிகளின் ஹெல்மெட்டுகளில் பல, முன்னும் பின்னும் நீண்ட தலைக்காகச் செய்தவை. உருண்டைத் தலைக்காரர்களுக்கு ஏசியன் ஃபிட் என்று தனியாக விற்கிறார்கள். ஜப்பானின் கபுட்டோ போன்ற கம்பெனிகளின் ஹெல்மெட்டுகளும் அப்படிப்பட்ட தலைக்குப் பொருந்தும். வாங்கிவிட்டால் நாளாக நாளாக இளகிவிடும் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். ஷூ இளகும். ஹெல்மெட்டுக்குள் இருப்பது தெர்மகோல் வகைதான், அது இளகாது.

போட்டுப் பார்ப்பது

இதற்குப் பத்து நிமிடமாவது ஒதுக்குங்கள். பின்னால் உள்ள திருகியை முழுதாகத் தளர்த்திவிட்டு, ஹெல்மெட்டைத் தலையில் மட்டமாக வையுங்கள். முன்விளிம்பு புருவத்துக்கு இரண்டு விரல் மேலே நிற்க வேண்டும். முடி ஏறும் இடத்துக்குத் தள்ளிவைத்துப் போட்டால் நெற்றி திறந்து கிடக்கும். இப்போது திருகியை இறுக்குங்கள். சுற்றிலும் ஒரே மாதிரி பிடிக்க வேண்டும், எங்கும் குத்தக் கூடாது. வாரை மாட்டாமலேயே மெதுவாகக் குனிந்து தலையை ஆட்டுங்கள். விழாமல் நிற்கிறதா? அப்படியென்றால் அளவு சரி.

அப்புறம் வார்கள். இரண்டு பக்கமும் முன்வாரும் பின்வாரும் காதுமடலுக்குக் கீழே சேர்ந்து, காதைச் சுற்றி ஆங்கில எழுத்து வி மாதிரி நிற்க வேண்டும். தாடைக்கு அடியில் பக்கிளைப் போட்டபின் ஒரு விரல், மிஞ்சினால் இரண்டு விரல் நுழையும் இடம் போதும். வாயைப் பெரிதாகத் திறந்து கொட்டாவி விடுங்கள். ஹெல்மெட் உச்சியில் லேசாகக் கீழே இழுபட வேண்டும். இழுபடவில்லை என்றால் வார் தளர்வு.

இனிமேல்தான் ட்ராக்குக்கான சோதனை. கடையில் ஒரு நாற்காலியையோ ஸ்டூலையோ கேளுங்கள். இரண்டு கையாலும் அதன் உட்காரும் பலகையைப் பிடித்து, முதுகு தரைக்கு இணையாக வரும்வரை குனியுங்கள். அந்த நிலையிலேயே தலையைத் தூக்கி, எதிர்ச்சுவரும் கூரையும் சேரும் மூலையைப் பாருங்கள். முன்விளிம்பு கண்ணுக்குத் தெரிகிறதா? பின்விளிம்போ திருகியோ பிடரியிலும் சட்டைக் காலரிலும் இடித்து ஹெல்மெட்டை முன்னே தள்ளுகிறதா? இப்போது வலது தோளுக்கு மேல் வேகமாகத் திரும்பிப் பாருங்கள். தலையோடு ஹெல்மெட்டும் திரும்ப வேண்டும். தலை திரும்பி அது பின்தங்கினால் இன்னும் இறுக்க வேண்டும், இல்லை அளவே பெரிது. ஒரு நிமிடமாவது அப்படியே இருங்கள். நின்றுகொண்டு போட்டபோது தெரியாத உறுத்தல் அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கடையில் பார்ப்பார்களே என்று கூச்சப்பட வேண்டாம். சைக்கிள் கடைக்காரர்களுக்கு இது பழக்கம்தான்.

மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் அதைப் போட்டுக்கொண்டே சோதியுங்கள். கண்ணாடியின் காம்பு வாருக்கு வெளியே வர வேண்டும், ஹெல்மெட்டின் பிடிப்பட்டையோடு மோதக் கூடாது. குனிந்தால் கண்ணாடி மூக்கில் இறங்கும், அதனால் பின்னால் கட்டும் ஒரு ரப்பர் பட்டை வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளரங்கில் கறுப்புக் கண்ணாடி வேண்டாம்.

தலைமுடி

என் அண்ணன் மகளுக்குப் பதின்மூன்று வயது. நல்ல அடர்த்தியான முடி. முதல் பயிற்சிக்கு உச்சியில் குதிரைவால் போட்டுக்கொண்டு வந்தாள். ஹெல்மெட்டைப் போட்டதும், "சித்தப்பா, முன்னாடி இடிக்குது, பின்னாடி ஆடுது" என்றாள். அளவு சரிதான், முடிச்சுதான் பிரச்சினை. தெர்மகோலுக்கும் மண்டைக்கும் நடுவே அந்த ரப்பர் பேண்ட் ஒரு கோலிக்குண்டு மாதிரி உட்கார்ந்திருந்தது. அவிழ்த்து, பிடரிக்குக் கீழே தளர்வாகப் பின்னல் போட்டு, பின்னலைச் சட்டைக்குள் விட்டோம். திருகியை மறுபடி இறுக்கினோம். அவ்வளவுதான், ஆட்டம் நின்றுவிட்டது.

உச்சிக் கொண்டை, கிளட்ச் கிளிப், ஸ்லைடு, பூ எதுவும் ஹெல்மெட்டுக்குள் இருக்கக் கூடாது. விழுந்தால் அந்தக் கிளிப்தான் முதலில் மண்டையில் இறங்கும். எந்த முடி அலங்காரத்தில் ஓட்டப் போகிறீர்களோ அதே அலங்காரத்தில்தான் ஹெல்மெட்டைப் போட்டுப் பார்க்க வேண்டும். தலைக்கு எண்ணெய் வைத்த அன்று ட்ராக்குக்குப் போகாமல் இருப்பது நல்லது. எண்ணெயில் உள்பஞ்சு வழுக்கும், வியர்வையோடு கலந்து கண்ணிலும் இறங்கும்.

பிள்ளைகளுக்கு 'அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும்' என்று பெரிதாக வாங்குவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். பள்ளிச் சட்டைக்கு அது சரி. தலையில் ஆடும் ஹெல்மெட் விழும்போது நகர்ந்துவிடும், நெற்றிதான் முதலில் அடிபடும்.

காற்றுத் துளை

மூடிய மர ட்ராக்குகளை வேகத்துக்காக வெதுவெதுப்பாக வைப்பதுண்டு. லண்டன் ஒலிம்பிக்கின்போது ட்ராக்கில் ஏறத்தாழ 28 டிகிரி வைத்திருந்தார்கள். ஓடும்போது காற்று வரும். நின்று பயிற்சியாளர் பேசுவதைக் கேட்கும்போது வியர்த்துக் கொட்டும். திறந்தவெளி கான்கிரீட் ட்ராக்கில் நம் ஊர் வெயிலும் சேர்ந்துகொள்ளும். ஆகவே புதியவர்கள் துளை நிறைய உள்ளதையே எடுங்கள். காற்றைக் கிழிக்கும் வடிவத்தில் மிச்சமாகும் நொடிகள் உங்களுக்கு இப்போது எதற்கும் பயன்படாது. பிரிட்டன் ட்ராக்குகளில் அறிமுகத்துக்குப் பிறகு நான்கு கட்டத் தகுதிப் பயிற்சி இருக்கிறது. அதை முடித்துப் போட்டிக்குப் போகும்போது, காது திறந்த, வால் இல்லாத, துளை குறைந்த ரோடு ஏரோ ஹெல்மெட் ஒன்றை யோசிக்கலாம். கூட்டமாக ஓட்டும் பந்தயங்களுக்கு அதுவே போதும்.

பழையது, அடிபட்டது

உள்ளே இருக்கும் தெர்மகோல் ஒரு தடவை நசுங்குவதற்காகச் செய்தது. நசுங்கி அடியை வாங்கிக்கொண்டுவிட்டால் அதன் வேலை முடிந்தது. வெளி ஓடு பார்க்கப் புதிதாக இருந்தாலும் உள்ளே விரிசல் இருக்கலாம். தலையோடு விழுந்த ஹெல்மெட்டைத் தூக்கிப்போட்டுவிடுங்கள். யாரோ விற்கும் பழைய ஹெல்மெட்டை வாங்கக் கூடாது என்பதற்கும் இதுதான் காரணம்: அது என்ன பட்டது என்று உங்களுக்குத் தெரியாது. அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான சிபிஎஸ்சி, அடிபடாவிட்டாலும் ஐந்து முதல் பத்து வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறது. உள்ளே ஒட்டிய சீட்டில் தயாரித்த மாதம், வருடம் இருக்கும். வெயிலில் நிற்கும் காருக்குள் போட்டு வைக்காதீர்கள். பெயின்ட், தின்னர், கண்ட பசையுள்ள ஸ்டிக்கர் வேண்டாம். வெளி ஓட்டையும் தெர்மகோலையும் அவை அரிக்கக்கூடும். உள்பஞ்சைக் கழற்றி சோப்பு நீரில் அலசி நிழலில் காயவைத்தால் போதும்.

ட்ராக்கில் ஏறும் முன்

உங்கள் முறை வந்ததும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து நின்றபடி சைக்கிளில் ஏறி, ஷூவைப் பெடலில் பூட்டுவீர்கள். பூட்டியபின் ஒரு கை கம்பியில், ஒரு கை ஹேண்டில்பாரில். அதற்குப் பிறகு பக்கிளில் வைக்கக் கை மிச்சமில்லை. அதனால் காலைப் போடுவதற்கு முன்பே தரையில் நின்று பாருங்கள். முன்விளிம்பைப் புருவத்தோடு இரண்டு விரல் வைத்துப் பாருங்கள், திருகியை ஒரு சொடுக்கு இறுக்குங்கள், தாடை வாரில் ஒரு விரல் விட்டு இழுங்கள், தொங்கும் வார் நுனியை உள்ளே செருகுங்கள். பக்கத்தில் நிற்கிறவரின் வார் தொங்கினால் அவருக்கும் சொல்லுங்கள். பிறகு ஏறி, கம்பியைப் பிடித்தபடியே ஒரு தடவை ஹேண்டில்பாரின் அடிவரை குனிந்து, முதல் வளைவின் உச்சியைப் பாருங்கள். அது தெரிந்தால் கம்பியை விடலாம்.